கூவைமலையில் நிறைந்த மண்

பதிவு 1. 2071 நவம்பர் 28, காலை 7.10
கூவைமலை நீர்ப்பிடிப்பு நிலையம். எழுதுவது ஆவுடைச்செல்வி, மண்ணியல் ஆய்வாளர். மிதமான மழை. ஓடை தெளிவு. மண்ணுக்குள் புதைத்த உணர்கருவிகள் சீராக இயங்குகின்றன. உடனிருந்த இருவரும் விடுப்பில் இறங்கிவிட்டார்கள்.

இதை யார் படிப்பீர்களோ தெரியாது. அதனால் சொல்லிவைக்கிறேன். இந்த மலை ஒரு காலத்தில் மொட்டை. அடிவாரத்து வெள்ளாங்கரையில் லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு சண்டை நடக்கும். அரசு பொதுப்பணம் ஒதுக்கியது. ஊரார் வரப்பு வெட்டினார்கள், புல் நட்டார்கள், செத்துப்போன சதுப்பை மீட்டார்கள். இப்போது கோடையிலும் கிணறு வற்றுவதில்லை. பிழைக்கப் போனவர்கள் திரும்பிவந்து நெல் போட்டிருக்கிறார்கள்.

பதிவு 2. முற்பகல் 11.40
மேகம் நகரவில்லை. ஒரு பருவத்து மழையை இந்தக் காலையிலேயே கொட்டிவிட்டது. எல்லா உணர்கருவிகளும் ஒன்றையே சொல்கின்றன: மண் நிறைந்துவிட்டது. இனி ஒரு சொட்டும் உள்ளே போகாது. மேல்சரிவில் பிளவு.

பதிவு 3. பிற்பகல் 1.05
சரிவு விழுந்தது. நிலையத்தை ஒட்டிய ஓடை இடுக்கை மண்ணும் மரங்களும் அடைத்துவிட்டன. பின்னால் நீர் ஏறுகிறது. உடைந்தால் நேராக வெள்ளாங்கரை. ஊர் நீர்க்குழுத் தலைவி பரமகல்யாணியை வானொலியில் பிடித்தேன்.

"எம்மா, இருவது வருசமா வெள்ளமே வரலியே. எவ்வளவு பெஞ்சாலும் மலை குடிச்சிரும்லா?"

"அதுக்கு வயிறு நெறஞ்சாச்சு கல்யாணிக்கா. இனி குடிக்காது. எல்லாரையும் பள்ளிக்கூட மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பவே."

"நீங்க சொன்னா சரி. கிளம்புதோம்."

எங்கள் வேலை அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது. பயத்தையும் எடுத்துவிட்டிருக்கிறது.

பதிவு 4. 2.50
மேற்குக் கால்வாயின் மதகைத் திறந்தால் தேங்கும் நீரில் ஒரு பங்கு, ஊரார் வெட்டிய குளங்களுக்குப் போகும். உடைப்பின் வேகம் குறையும். ஆனால் கால்வாய் பொங்கினால் நடைபாலம் நிற்காது. ஓடைக்கும் கால்வாய்க்கும் நடுவே இந்த நிலையம் தீவாகிவிடும்.

மோட்டார் இயங்கவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. திறந்துவிட்டது.

பாலம் போய்விட்டது.

பதிவு 5. 4.30
இடி விழுந்தது. வானொலியில் கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. கல்யாணியின் குரல்: "எம்மா, மொதக் குளம் நெறஞ்சு அடுத்ததுக்குப் பாயுது. கரை நிக்குது! எல்லாரும் மேட்டுல இருக்கோம். கேக்குதா?"

கேட்கிறது அக்கா. கத்தினேன். சுவர்தான் கேட்டது.

தரையில் நீர். மேற்குச் சுவர் விரிசல் விடுகிறது.

பதிவு 6. 5.25
மறுபடி கல்யாணி, கைவானொலியில்: "பேசலேன்னாலும் ஒங்க கோபுர விளக்கு எரியுது. உசுரோடதான் இருக்கீய. கயிறு எடுத்துட்டு நாங்க எட்டு பேரு வாறோம். பயப்படாதீய."

வரக் கூடாது. அவர்கள் வரும் தடம் ஓடைக்குள்தான் இருக்கிறது. மண்ணடைப்பு எந்த நிமிடமும் போகும்.

மின்கலத்தில் எரியும் அந்த விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன். வராதே என்று புரியும் என நினைத்தேன்.

"பாருங்கலே, கூப்பிடுதாங்க! வெரசா நடங்க!"

ஐயோ.

பதிவு 7. 5.40
வேறு வழி தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டேன். இனி போடமாட்டேன். கை தானாகப் பொத்தானுக்குப் போகிறது. இன்னொரு கையால் பிடித்து இழுத்தேன்.

"விளக்கு போயிருச்சு..." கல்யாணி.

யாரோ ஓர் ஆண்: "கட்டடம் விழுந்துட்டுக்கா. இனி போயி என்ன செய்ய? திரும்புங்க."

"எம்மா. எம்மா. ஒரு தடவ விளக்கப் போடுங்க. ஒரே தடவ."

போடவில்லை.

பதிவு 8
நேரம் தெரியவில்லை. மார்பளவு நீர். மேசைமேல் நிற்கிறேன். அடைப்பு முனகுகிறது, மரங்கள் முறிகின்றன.

படிப்பவர்களுக்கு: குளக்கரைகள் தாங்கின. சரிவுக்கு இன்னும் ஆழமாக வேர்விடும் மரங்கள் வேண்டும். நட்டுவிடுங்கள். கல்யாணியிடம், நான்தான் அணைத்தேன் என்று சொல்ல வேண்டாம்.

வானொலி இன்னும் திறந்திருக்கிறது. அவர் அழுகிறார். பின்னால் பிள்ளைகள் சத்தம். நிறைய பிள்ளைகள். அப்படியென்றால் மேட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மேட்டிலிருந்துதான் அழுகிறார். மேட்டிலிருந்துதா