எட்டாம் நம்பர் செருப்பு

உசிலம்பட்டி,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

மீனா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முழு மனதாக எழுத வரவில்லை. இப்போதைக்கு நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

பொட்டலத்தைப் பிரித்ததும் நீங்கள் முதலில் எதைத் தேடியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பருப்புப்பொடி டப்பாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியிருப்பீர்கள். ஜெயபாண்டி அண்ணன் மருந்துக் கடையிலிருந்து மாதாமாதம் வருகிற செட்டு மாத்திரை இந்தத் தடவை இல்லை. பொட்டலத்தைக் கொண்டுவந்த முத்துக்குமரன் தம்பியைச் சந்தேகப்படாதீர்கள், ரயிலில் எங்கேயும் விழவும் இல்லை. நான்தான் வைக்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். கோபம் வந்தால் ஒரு மூச்சு திட்டிவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

செருப்பும் கேட்டிருந்தீர்கள், பழையது காலைப் பிடிக்கிறது, ஒரு நம்பர் கூட்டி ஒன்பதாக வாங்கி அனுப்பு என்று. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்பீர்கள். சொல்லிப் பார்த்தாயிற்று. நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முறுக்கு பிழிகிறீர்கள். நான் ஒரு வார்த்தை பேசினால், ‘என்ன மதினி, நல்லாருக்கீகளா’ என்று முறுக்குக் கம்பெனியே பதில் சொல்கிறது. புருசனிடம் கேட்க வேண்டியதை சோலாப்பூரையே கூட்டி வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

வீட்டுச் செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரிக் கன்று. மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டுப் போகிறது, காட்டில் சோளம் வாடி நிற்கிறது. சத்யப்ரியா பள்ளிக்கூடத்தில் கபடி விளையாட்டில் சேர்ந்திருக்கிறாள். தினமும் முட்டியைத் தேய்த்துக்கொண்டு வருகிறாள், கேட்டால், நான் அப்பா மகள் என்கிறாள்.

இனி ஐயா விஷயம். ஆடிக் கடைசியில் சில நாள் நீங்கள் போன் போட்டபோதெல்லாம் ஐயா காட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேனே, அது பொய். உங்கள் அப்பா மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். வீட்டுக்கு வந்துவிட்டார், பதறாதீர்கள். இதை எழுதும்போது எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். உப்புக் குறைத்த கஞ்சியைக் கொடுத்ததற்காக என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். முறைக்கிற அளவுக்குத் தெம்பு வந்ததே எனக்குப் போதும்.

நடந்தது இதுதான். குலசாமி கோயிலில் கெடா வெட்டு. சாப்பிட்டுவிட்டு வந்த எங்களுக்கெல்லாம் வயிறு சரியில்லாமல் போனது. மற்றவர்களுக்கு மறுநாளே நின்றுவிட்டது. ஐயாவுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கிறது என்றார். தண்ணீரைப் பார்த்தாலே குமட்டுகிறது என்று அதை விட்டுவிட்டார். செட்டை மட்டும் விடவில்லை. முழங்கால் வலிக்கு எப்போதும் வாங்கி வைத்திருப்பாரே, அதைப் பிரஷர் மாத்திரையோடு சேர்த்து வெறும் வயிற்றில் காலையிலும் சாயங்காலமும் போட்டுக்கொண்டார். வலி நின்றது. கூடவே ஒன்றுக்குப் போவதும் நின்றுபோனது. பாதம் வீங்கி, முகம் உப்பி, ஆளே மாறிவிட்டார். உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

அங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். அத்தை, செட்டு என்றார்கள். செட்டு என்றால் என்ன மாத்திரை என்று டாக்டரம்மா மறுபடி கேட்டார்கள். ‘செட்டுன்னா செட்டுதேன் தாயி, ஒடம்பு வலிக்குப் போடுவாகல்ல’ என்று அத்தை விளக்கம் சொன்னார்கள். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் கேட்டிருந்தாலும் அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. பிளஸ் டூ படித்தவள், எல்லா மாதமும் அதைப் பொட்டலம் கட்டி உங்களுக்கு அனுப்புகிறவள்.

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து, கடையில் மடித்துக் கொடுத்த காகிதத்தை மேசையில் வைத்தார்கள். ரோஸ் ஒன்று, மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, ஒரு கேப்சூல். அட்டையிலிருந்து உதிர்த்துப் போட்டதால் எதற்கும் பெயர் கிடையாது. டாக்டரம்மா ஜெயபாண்டி அண்ணனுக்கே போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார்கள். ரோஸும் மஞ்சளும் வலியையும் வீக்கத்தையும் குறைக்கிற மாத்திரைகள். பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே வகை. ஒன்றாகச் சேர்த்துப் போடவே கூடாதாம். கேப்சூல், அவை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க. வெள்ளை, சும்மா சத்து மாத்திரை.

இந்த வகை வலி மாத்திரை கிட்னிக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்குமாம். நல்ல உடம்புக்காரர், தண்ணீர் நன்றாகக் குடிக்கிறவர், ஒரு நாள் இரண்டு நாள் போட்டுக்கொண்டால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். பேதியில் தண்ணீரெல்லாம் போய்க் காய்ந்து கிடக்கிற உடம்பில், பிரஷர் மாத்திரையும் இருக்கிற இடத்தில், இதையும் இரண்டிரண்டாகப் போட்டால் கிட்னி தாங்குமா என்று கேட்டார்கள். டயாலிசிஸ் வரைக்கும் போகாமல் குலசாமி காப்பாற்றியது. முக்கால்வாசி திரும்பிவிட்டது, மீதியைப் போகப்போகத்தான் சொல்ல முடியும் என்றிருக்கிறார்கள்.

அன்றைக்கு டாக்டரம்மா ஒன்று செய்தார்கள், அது என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஐயாவின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தார்கள். குழி விழுந்தது. விழுந்த குழி நிரம்பவே இல்லை. பிசைந்து வைத்த முறுக்கு மாவில் விரலை வைத்தால் இருக்குமே, அப்படி இருந்தது.

ஜெயபாண்டி அண்ணன் சேதி கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அவரைத் திட்டி போன் போட்டுவிடாதீர்கள். உங்கள் கூடப் படித்தவர், உங்களை மாப்ள என்று கூப்பிடுகிறவர் தெரிந்து கெடுதல் செய்வாரா? ‘வலிக்குதுன்னு வந்து நிக்கிற ஆளுககிட்ட இல்லேன்னு எப்படிம்மா சொல்றது, ஊரே கேக்குது’ என்று கண் கலங்கினார். போன வாரம் கடைப் பக்கம் போனபோது வேறு ஒரு பெரியவருக்குச் செட்டு மடித்துக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அந்தப் பெரியவரிடம் கேட்டார். இதுவரைக்கும் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது செருப்புக்கு வருகிறேன். முத்துக்குமரன் லீவு முடிந்து கிளம்புகிறானே என்று, நீங்கள் எப்போதும் வாங்குகிற கடைக்கே போனேன். ஒன்பதாம் நம்பர் கேட்டேன். யாருக்கு என்றார் கடைக்காரர். சொன்னேன். ‘அருள்பாண்டிக்கு எட்டுல்ல? கல்யாணத்துக்கு முந்தியே எட்டுதேன். இனிமேலா அவனுக்குக் காலு வளருது?’ என்று சிரித்தார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் ஒன்பதாம் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு, டாக்டரம்மாவின் கட்டைவிரலை நினைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

போன மாதம் நீங்கள் அனுப்பிய வீடியோவில் உங்கள் முகத்தைப் பார்த்து நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா? சத்யப்ரியா, அப்பா அழகாயிட்டாரு என்றாள். என் மகனுக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொண்டது என்று அத்தை தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்கள். நானும் கன்னம் வைத்துவிட்டது என்று பூரித்துப்போய், உங்கள் போட்டோவுக்குத் திருஷ்டி சுற்றிப் போடச் சொன்னேன். அதே வீடியோவை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன். கன்னமில்லை மச்சான், கண்ணுக்குக் கீழேயும் உப்பியிருக்கிறது. ஐயாவும் பக்கத்தில் இருந்து பார்த்தார். வேட்டியை இழுத்துத் தன் காலை மூடிக்கொண்டார்.

முத்துக்குமரனைக் கூப்பிட்டு வைத்து விசாரித்தேன். அவன் மறைக்கத்தான் பார்த்தான், நான் விடவில்லை. ‘சாயங்காலமானா அண்ணனுக்குக் காலு பொதபொதன்னு ஆயிருது மதினி. தண்ணியே குடிக்க மாட்டாரு. பாத்ரூமு மாடியில இருக்கு, போயிட்டு வாரதுக்குள்ள எண்ணெய் காஞ்சிரும்பாரு’ என்றான். அடுப்பு முன்னால் நாள் முழுக்க வேர்த்து ஊற்றிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல், வெறும் டீயில் இரண்டு வேளையும் செட்டு. ஐயா சில நாள் செய்ததை நீங்கள் பொங்கலிலிருந்து செய்துகொண்டிருக்கிறீர்கள். அறையில் உள்ளவர்களுக்கு வேறு ஆளுக்கொன்று கொடுக்கிறீர்களாம். முத்துக்குமரனும் வாங்கிப் போட்டிருக்கிறான். அவனுக்கும் இங்கேயே பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறேன்.

நேற்று உங்களுக்குப் போன் போட்டுக் கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? ‘உடம்பு தேறியிருக்கேன், நீ ஏன்டி கண்ணு வைக்கிற’ என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இம்புட்டு நீளத்துக்கு எழுத வேண்டியிருக்கிறது. யாரும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து பதில் யோசியுங்கள். ஒன்றுக்குச் சரியாகப் போகிறதா? முன்னைவிடக் குறைந்திருக்கிறதா, நுரைக்கிறதா? வயிறு எரிகிறதா? வெளிக்குப் போவது தார் மாதிரி கறுத்துப் போகிறதா? பொண்டாட்டிதானே கேட்கிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐயாவை மறுபடி காட்டப் போனபோது உங்களைப் பற்றியும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். உடனே அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள், நாளைக்கு என்று தள்ளாமல் அங்கேயே ரத்தமும் யூரினும் சோதிக்கச் சொல்லுங்கள், பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்கள். பயப்படவும் வேண்டாம், நிறைய பேருக்குச் சீக்கிரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது என்றும் சொன்னார்கள். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடுகிறேன்.

வலி மாத்திரையே விஷம் என்று அவர்கள் சொல்லவில்லை. பெயர் தெரிந்ததாக இருக்க வேண்டும், அந்த வகையில் ஒன்றுதான் போட வேண்டும், குறைந்த அளவாக, சாப்பிட்ட பிறகு, சில நாளைக்கு மட்டும். அதற்கு மேலும் வலித்தால் வலிக்கு என்ன காரணம் என்று பார்க்க வேண்டும். வாந்தி பேதி உள்ளவர்களும், பிரஷர், கிட்னி, அல்சர் உள்ளவர்களும் கேட்காமல் தொடவே கூடாது. உங்களுக்கு இப்போது அந்த வகையில் ஒன்றுகூட ஆகாது.

உங்கள் மணிக்கட்டு வலி பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த அச்சைப் பிழிந்து பிழிந்து, ஊருக்கு வந்தால் சோற்றுத் தட்டைக்கூட இடது கையில் வாங்குகிற ஆள் நீங்கள். எனக்குத் தெரியாதா? டாக்டரம்மாவிடம் கேட்டு ஒரு அட்டை பாரசிட்டமால் வைத்திருக்கிறேன், முழு அட்டை, பெயர் தெரிகிற மாதிரி. அதையும் அட்டையில் எழுதியிருக்கிற அளவுக்கு மேல் போடாதீர்கள். கல் உப்பு ஒரு பை இருக்கிறது. துணியில் முடிந்து, சூடாக்கி ஒத்தடம் கொடுங்கள். அடுப்புக்கு அங்கே பஞ்சமில்லை. முதலாளி அண்ணனிடம் சொல்லிக் கொஞ்ச நாளைக்குப் பிழிகிற வேலையை விட்டுப் பாக்கெட் போடுகிற வேலைக்கு மாறுங்கள். கேட்டால் தருவார், நீங்கள்தான் கேட்க மாட்டீர்கள்.

தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்பீர்கள். தீபாவளி அடுத்த வருசமும் வரும்.

செருப்பு எட்டாம் நம்பர்தான் வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்பதைக் கடையிலேயே கொடுத்துவிட்டேன், அதைக் கையில் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. ரத்தம் சோதிக்க எப்படியும் போயாக வேண்டும், அதில் பேச்சில்லை. இதைப் படித்து முடித்த கையோடு செருப்பைப் போட்டுப் பாருங்கள். நாளைக்குச் சாயங்காலம், அடுப்பை விட்டு வந்த பிறகும் ஒருதரம் போட்டுப் பாருங்கள். லேசாக ஏறிவிட்டால் நான்தான் பைத்தியக்காரி. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கம்பெனியோடு சேர்ந்து சிரியுங்கள், நானும் சிரிக்கிறேன்.

ஏறவில்லை என்றால் அமுக்கித் திணிக்காதீர்கள். வாரை அறுத்துப் போட்டுக்கொள்ளவும் பார்க்காதீர்கள். ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, டாக்டர் ஊருக்குப் போகலாம் என்றதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ரயில் ஏறி வாருங்கள் மச்சான். உங்களுக்கு அந்தச் செருப்பு ஏறுகிற வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

குலசாமி துணையிருக்கட்டும்.

உங்கள் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருக்கும்,
மீனா.