என் சாவுச் செய்தி உனக்கும் வந்ததாமே

அன்பு மகள் ஹேரினுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், தம்பி நலம், நான் உயிரோடு நலம். ஹாம்பர்க் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வீட்டில் இருக்கிற எந்தப் போனையும் இப்போது நம்ப முடியவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் தம்பி ஜேஹாவை இத்தனை நாள் போன் டாக்டர் என்று நினைத்திருந்தோம். விரல் பறக்கிற வேகத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டோம். கல்லூரிக் கட்டுரையைக் கணினியில் அடித்துவிட்டு அது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் முழித்தானே, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். போன மாதம் பள்ளித் தோழனின் எண்ணிலிருந்து அவனுக்கு ஒரு துக்கச் செய்தி, அப்பா காலமானார், சடங்கு நடக்கும் இடம் பார்க்க இங்கே அழுத்தவும் என்று. நம் ஊரில் இழவுக்குப் போகாவிட்டால் ஆயுளுக்கும் பேச்சுதானே, அழுத்திவிட்டான். போன் கேட்ட எல்லாவற்றுக்கும் படிக்காமலே சம்மதம் கொடுத்திருக்கிறான். எல்லாம் மோசடிக்காரன் வேலை. மறுநாள் ஜேஹாவின் எண்ணிலிருந்து ஊர் உலகத்துக்கெல்லாம் அதே செய்தி போனது, இந்த முறை செத்தது நான்.

மொக்போவிலிருந்து உன் அத்தை கறுப்பு உடையில் பஸ் ஏறி வந்துவிட்டாள். அவளுடைய பழைய பட்டன் போனில் அந்த இணைப்பு திறக்கவில்லையாம், நேரே வீட்டுக்கு வந்தாள். நான் கிம்ச்சிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செத்தவன் இப்படியா ரெண்டாந்தரம் சோறு போட்டுத் திம்பான் என்று திட்டிக்கொண்டே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜேஹாவை நான் பிடித்து உலுக்கினால், எனக்கு எல்லாம் தெரியும்னு நீங்கதானேப்பா ஊரெல்லாம் சொன்னீங்க, நான் எப்ப சொன்னேன் என்கிறான்.

அந்தச் செய்தி உனக்கும் வந்ததாம். அம்மா கேட்டதற்கு, பார்த்ததுமே போலின்னு தெரிஞ்சிடுச்சும்மா, அதான் கூப்பிடல என்றாயாம். கெட்டிக்காரிதான், பெருமையாகவே இருந்தது. பிறகு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது, நிஜமாகவே நடக்கிற அன்றைக்கும் இப்படித்தான் பேசாமல் இருந்துவிடுவாயோ என்று. உன் மேல் கோபம் இல்லை, ஆனால் வலிக்கிறது.

அம்மா அனுப்பிய கடற்பாசியை ஈரம் படாமல் வை. வேளைக்குச் சாப்பிடு. நோய் நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். மறுபடி அப்படி ஒரு செய்தி வந்தால், பொய் என்று தெரிந்தாலும் ஒரு தடவை கூப்பிடு. நானே எடுக்கிறேன்.

உன் அப்பா,
மா கிசொக்
சுன்சொன்