நாவலில் தூக்கிய தாத்தா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் வேற்றினப் பெண்ணைக் கட்டியதிலிருந்து ஏழு வருடமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. அதனால் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் மூவரும் சுகம். உங்கள் கணக்கில் நான் மட்டும் சுகம்.

நான் வேலை செய்யும் நூலகத்துக்குப் போன வாரம் ஓர் எழுத்தாளர் பேச வந்தார். அப்பா ஓர் இனம், அம்மா வேறு இனம். கலப்புக் குடும்பங்களைப் பற்றியே ஒன்பது நாவல்கள் எழுதியவர். நாற்காலி போட்டது நான், இலக்கியத்துக்கு என்னாலானது.

கூட்டத்தில் உங்கள் பேத்தி எழுந்து, "உங்க தாத்தா உங்களைத் தூக்குவாரா?" என்று கேட்டாள்.

"நாவல்ல தூக்குவாரும்மா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

மேலாளர் கூப்பிடுகிறார். உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த முறைக்கிற படமானாலும் சரி. உங்கள் பேத்தி சுவரில் இடம் ஒதுக்கிவிட்டாள்.

உங்கள் மகன்