பூமி திரும்பவும் வந்த இடம்

இன்று விடிய வாடைக்காற்று தொடங்கிவிட்டது. கதவைத் திறந்ததும் ஈர மண்ணும் கடலும் கலந்த குளிர் மணம். போன வருடம் நீர், என் மனைவி, காய்ச்சலோடு படுத்திருந்த அறையிலும் இதே மணம்தான். உள்ளே ஓடிப்போய் எங்கள் மகளின் நெற்றியைத் தொட்டேன். மூன்று நாளாகக் கொதித்த நெற்றி குளிர்ந்திருந்தது. அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

வாடை ஏன் வருடாவருடம் இதே நேரத்தில் வருகிறது என்று எனக்குக் காட்டியவர் நீர்தான். கனடாவிலிருந்து வந்த படப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அங்கே பனி கொட்டும்போது எங்களுக்கு ஏன் வாடை மட்டும் வருகிறது என்று மகள் கேட்டாள். நீர் உருண்டையான ஒரு தேசிக்காயைப் பூமியாக்கி, அதில் தென்னை ஈர்க்கைச் சரிவாகக் குத்தி என் கையில் தந்து, சூரியனாக எரிகிற மேசை விளக்கைச் சுற்றி நடக்கச் சொன்னீர். நான் போன இடமெல்லாம் ஈர்க்கை விளக்குப் பக்கமே சாய்த்துக்கொண்டு போனேன்.

“நில்லுங்கோ, நில்லுங்கோ! உப்பிடிப் பிடிச்சா எங்கடை பக்கத்துக்கு முழு வருசமும் கோடைதான். நீங்கள் எங்கை போனாலும் ஈர்க்கு சாமிப்படச் சுவரைத்தான் பாக்கவேணும்” என்று மறித்தீர்.

“கறன்ட் வேலை செய்யிறவனுக்கு இது தெரியாதே?” என்றேன், மின்சார வேலை செய்யும் நான்.

“கறன்ட் தெரியும். பூமி தெரியாது.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடி சுற்றினேன். விளக்கின் மற்றப் பக்கம் வந்தபோது ஈர்க்கு வெளிச்சத்தை விட்டு விலகிச் சாய்ந்து நின்றது. “இதுதான் மார்கழி. வெயில் தெற்கை போயிட்டுது. காத்து வடக்கிலையிருந்து அதுக்குப் பின்னாலை ஓடுது. என்ரை அப்பா வாடை எண்டு சொல்லுறது இதைத்தான். இன்னொண்டு, ஜனவரி தொடங்கேக்கைதான் பூமி சூரியனுக்கு ஆகக் கிட்ட.”

“கிட்ட வந்தா சுடவேணுமெல்லே?”

“சூடும் குளிரும் கிட்டவாலை இல்லை. சரிவாலை.”

நான் நம்பவில்லை. அடுத்த நாள் தேடிப் படித்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை உமக்குக் காய்ச்சல். மழைக் காய்ச்சல் என்று விழுங்கக் குளிசை தந்தேன். நாலாம் நாள் உடம்பு குளிர்ந்தது. “விட்டிட்டுதப்பா, ஒரு பிளேன்ரீ தாங்கோ” என்றீர். தேநீரை ஊற்றித் தந்துவிட்டுச் சந்தோசமாக வேலைக்குப் போனேன். டெங்குவில் சூடு இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பதை அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில்தான் அறிந்தேன். அப்போது உமது கைகள் சில்லிட்டிருந்தன. அதற்குப் பிறகு நடந்த எதுவும் எனக்கு ஒழுங்காக நினைவில்லை.

இன்று காலை, கடல் அடிப்பதால் மீன்பிடிக்கப் போகாமல் நின்ற உமது தம்பி வாசலில் மறித்தான்.

“அத்தான், காய்ச்சல் விட்டிட்டுது. ஏன் பிள்ளையை மழைக்குள்ளாலை இழுக்கிறியள்? விசரே உங்களுக்கு?”

“ஓம், விசர்தான். ஓட்டோவைக் கூப்பிடு.”

ஓட்டோவில் மகள் என் மடியில் சுருண்டு கிடந்தாள். “அப்பா, அம்மா செத்த இடத்துக்குப் பூமி திரும்பி வந்திட்டுதோ?”

“ஓம், கிட்டத்தட்ட.”

“அதிலை நிக்குமோ?”

“நிக்காது. ஓடிக்கொண்டேயிருக்கும்.” என் குரலை நானே நம்பவில்லை.

டொக்டர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். “டெங்குதான். பிளேற்லெட் இறங்குது. நேரத்துக்குக் கொண்டுவந்திட்டியள். எண்டாலும் ரெண்டு நாள் கவனமாப் பாக்கவேணும்.”

இதை வார்ட்டில் இருந்து எழுதுகிறேன். அவள் எவ்வளவு குடிக்கிறாள், எவ்வளவு சிறுநீர் கழிக்கிறாள் என்று தாதி தந்த தாளில் குறிக்கிறேன். வேறொன்றும் நினைக்க முடியவில்லை. நீர் போனதிலிருந்து மரத்துப்போன எனக்குள் இந்தப் பயம் மட்டும் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு வாடைக்கும் இது வரும். யார் விசரன், பைத்தியக்காரன் என்றாலும் இதை இறக்கிவைக்க மாட்டேன். இன்று எங்கள் பிள்ளையை இங்கே தூக்கிக்கொண்டு வந்தது இந்தப் பயம்தான்.

“பிறகும் தண்ணியோ அப்பா?”

“ஓம் குஞ்சு. இன்னும் ஒரு மிடறு.”