வீட்டுக்கு மட்டும் வேறு முட்டை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அத்தையின் கால் புண்ணைத் தவிர இங்கே எல்லோருக்கும் உடம்பு ஒழுங்காக இருக்கிறது, உனக்கும் அப்படியே இருக்கட்டும். மனசு எப்படி என்று கேட்டால் அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் "அம்மா, நான் சொல்றத முதல்ல கேளும்மா" என்று நீ நடுவில் புகுந்துவிடுவாய், நானும் கேட்டுத் தொலைப்பேன், அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், தபாலை நம்பினால் அது உன் கைக்கு வருவதற்குள் முட்டை ரூமில் அடுக்கியிருப்பதெல்லாம் நாறிவிடும். சின்னவள் பரீட்சை முடித்துவிட்டாள், நன்றாக எழுதியதாக அவளே சொல்லிக்கொள்கிறாள். நல்ல செய்தி அவ்வளவுதான். இனி வருவதை உட்கார்ந்து முழுசாகப் படி.

இரண்டாவது ஷெட்டில் கோழிகளுக்குச் சளி பிடித்திருந்தது உனக்குத் தெரியும், எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. விடாத மழை, சாரல் அடிக்கிறதென்று அப்பா பக்கவாட்டுச் சாக்குத் திரைகளை அடியோடு இறக்கிக் கட்டிவிட்டார், உள்ளே போனால் எச்சத்தின் நெடியில் எனக்கே கண் எரிந்தது, அதிலேயே நிற்கிற கோழிக்கு மூக்கு ஒழுகாமல் என்ன செய்யும். சாக்கைத் தூக்கிக் கட்டுங்கள் என்று சொன்னேன். அதற்குள் மருந்து ஏஜென்ட் வந்துவிட்டான், எதைக் கேட்டாலும் டானிக் என்பானே, அவன்தான். ஷெட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் வாசலில் நின்றபடியே "ரெண்டுல வந்தது மூணுக்கு வர எவ்வளவு நேரம் அண்ணே, மொத்தமாப் போட்டுருங்க, முட்டையும் ரெண்டு கூட விழும்" என்று சொல்லி ஒரு மூட்டைப் பொடியை இறக்கிவிட்டுப் போனான். மூன்று ஷெட்டுக்கும் பொதுவான பெரிய டேங்கிலேயே அப்பா கலந்தார். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. என்ன இது என்று கேட்டதற்கு வைட்டமின் என்றார். வைட்டமினும் தண்ணீரை மஞ்சளாக்கும் என்று கல்லூரியில் வேதியியல் படித்த எனக்குத் தெரியும் என்பதால் நம்பிவிட்டேன், படிப்பு எதற்கெல்லாம் உதவுகிறது பார். நான் பாட்டுக்கு முட்டை ரூமில் உட்கார்ந்து தரம் பிரித்து, துடைத்து, அடுக்கி, லாரிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் ஒருநாள் சமையலறையில், அரிசி டப்பாவுக்குப் பின்னால், ஒரு துண்டு போட்டு மூடி ஒரு ட்ரே முட்டை இருந்தது. ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கிற வீட்டில் முட்டையை ஒளித்து வைப்பானேன் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். மளிகைக் கடையில் வாங்கினேன் என்றார் உன் அப்பா. கொல்லன் தெருவில் ஊசி விற்காதே என்பார்கள், இங்கே கொல்லனே கடைக்குப் போய் ஊசி வாங்கி வந்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், சும்மா, ஒரு மாற்றத்துக்கு என்றார். முட்டையில் என்ன மாற்றம் வேண்டிக்கிடக்கிறது என்று துண்டை எடுத்துப் பார்த்தேன். ட்ரே அட்டையின் ஓரத்தில் நீலக் கோடு இருந்தது. என் கோடு. இரண்டாவது ஷெட்டுக் கோழிகளுக்கு வயதாகிவிட்டது, ஓடு மெல்லிசாக விழுகிறது, அடியில் வைத்தால் நொறுங்கிவிடும் என்று அந்த ட்ரேக்களுக்கு மட்டும் நான் கிரேயானில் கோடு போட்டு மேலே அடுக்கச் சொல்வேன். வெளியே போன அட்டையை நாம் திரும்ப எடுப்பதில்லை, அடுத்த பண்ணையின் சீக்கு நம் பண்ணைக்கு வந்துவிடும் என்று அவ்வளவு ஜாக்கிரதை நமக்கு. ஆக, நம் முட்டை வேண்டாம் என்று தேடிப் போனவர் நம் முட்டையையே, அதிலும் சீக்குக் கோழியின் முட்டையையே, கடைக்காரரின் லாபத்தையும் சேர்த்துக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார், அந்த முகத்தைப் பார்த்ததும்தான் என் சிரிப்பு நின்றது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. டேங்கில் கலந்தது ஆன்டிபயாட்டிக். அது முட்டையில் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். முட்டையை நிறுத்தவில்லை. எப்படி மனசு வந்தது என்று கேட்டேன், "என்னை ஏன் பிடிச்சுக்கிற, உன் பையன்தான் சொன்னான், வீட்டுக்கு மட்டும் வேற முட்டை வாங்கிக்கோங்கப்பா, அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, மத்தபடி எல்லாரும் செய்யறதுதான்னு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அன்றே போனில் கூப்பிட்டுக் கேட்டபோது நீயும் மறுக்கவில்லை. அம்மா நீ உணர்ச்சிவசப்படுற என்றாய். ஆமாம், படுகிறேன். கோழி வைத்தியம் படிக்க வைத்தோம், கோழி மருந்துக் கம்பெனியில் பெரிய வேலை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் உன் அப்பா சொல்லிச் சொல்லி மகிழ்கிறார், ஏஜென்ட் சொன்னால்கூட ஒருமுறை யோசிப்பவர் நீ சொன்னால் யோசிப்பதே இல்லை. தெரியாமல் சொல்லியிருந்தால் உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. தெரியாதவன் வீட்டுக்கு வேறு முட்டை வாங்கச் சொல்லமாட்டான். நன்றாகத் தெரிந்து, ஆபத்து இருக்கிறது என்று தெரிந்து, அதில் உன் அம்மாவையும் தங்கையையும் மட்டும் பொறுக்கி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சம் பேரை லாரியில் ஏற்றினாய் பார், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அம்மா மேல் பாசம் என்று சொல்லாதே. அந்தப் பாசத்தைத் தொடவே எனக்குக் கை கூசுகிறது.

இன்னும் கேள். அத்தைக்குப் புண் ஆற தினம் இரண்டு முட்டை சாப்பிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். உன் அப்பாவுக்கு இருப்பது ஒரே அக்கா, அதனால் நம் பண்ணை முட்டைதான் போகவேண்டும் என்று அவரே உத்தரவு போட்டார், நம்மிடம் முட்டை துடைக்கும் அக்கா அதே தெருவில் குடியிருப்பதால் வேலை முடிந்து போகும்போது கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். மருந்து கலந்த நாட்களிலும் கொடுத்திருக்கிறாள், அவளுக்கு என்ன தெரியும். அத்தை இருப்பது தனி வீடு, உங்கள் இருவரின் கணக்கில் வீடு என்பதற்குள் அவர் வரவில்லை. அதைச் சொன்னதும் உன் அப்பா தீவன மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். புண்ணுக்கு டாக்டர் மூன்றாவது முறையாக மருந்தை மாற்றியிருக்கிறார், பழைய மருந்துக்குக் கிருமி அசையவில்லையாம். நம் முட்டையால்தான் அப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை, அத்தைக்குச் சர்க்கரையும் இருக்கிறது, அது எங்கே பிடித்த கிருமியோ. யாராலும் எதையும் கைநீட்டிச் சொல்ல முடியாது, அந்தத் தைரியத்தில்தானே எல்லோரும் கலக்குகிறீர்கள். சரி, மனுஷன் உட்கார்ந்துவிட்டார், இனி நிறுத்துவார் என்று நினைத்தேன். எழுந்து போய் என்ன செய்தார் தெரியுமா, அத்தைக்கு மட்டும் முட்டை கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லாரிக்கு அடுக்கச் சொன்னார். வீட்டுச் சுவரை ஒரே ஒரு ஆளுக்காகக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார், அவ்வளவுதான். அந்த நிமிஷம் முட்டை ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் நானே கால்நடை டாக்டரம்மாவை வரவழைத்தேன். அவர் முதலில் செய்த வைத்தியம் சாக்குகளைத் தூக்கிக் கட்டச் சொன்னது. சீக்குக் கோழிக்கு ஆரம்பித்த மருந்தைப் பாதியில் விடாமல் தனி டேங்கில் கொடுங்கள், மற்ற இரண்டு ஷெட்டுக்கும் நிறுத்துங்கள், நான் சொல்லும்வரை மூன்று ஷெட்டு முட்டையும் வெளியே போகக்கூடாது என்றார். உன் அப்பா "உங்களுக்கென்னம்மா, கோழி முட்டை போட்டாலும் போடாட்டியும் சம்பளம் வந்துடும்" என்றார். அந்தம்மா கோபப்படாமல், "ஆமா, அதனாலதான் நான் உண்மையைச் சொல்லலாம், உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கஷ்டம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை, தீவனக்காரர் நமக்காகக் காத்திருக்கமாட்டார். ஆனால் கோழிக்கு நம் சண்டை தெரியுமா, அது பாட்டுக்குப் போடுகிறது. ரூம் நிரம்பி, வராந்தா நிரம்பி, இப்போது சின்னவளின் படிப்பு மேஜைக்கு அடியிலும் ட்ரே. லாரிக்காரர் வெறுங்கையோடு திரும்பும்போது, "என்னக்கா, கோழியெல்லாம் ஸ்டிரைக்கா" என்று கேட்டார், முதலாளியம்மாதான் ஸ்டிரைக் என்றேன். பின்பக்கம் நானும் துடைக்கிற அக்காவும் மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டிக் கொஞ்சம் கொட்டினோம். இத்தனை வருஷம் ஒரு முட்டையில் கீறல் விழுந்தால்கூடப் பதறிய கை இது, முதல் ட்ரேயைக் கவிழ்க்க வரவே இல்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்க கொட்டுங்கக்கா, நான் மண்ணு தள்ளுறேன்" என்றாள். அப்பா ஷெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. அதிலிருந்து என்னோடு பேச்சும் இல்லை, உப்பு வேண்டுமென்றால்கூடச் சின்னவளிடம்தான் கேட்கிறார். பூட்டை உடைக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும், இன்னும் உடைக்கவில்லை, அதை நான் பார்க்காமல் இல்லை. அவர் கெட்டவர் இல்லையடா. பயந்தவர். பயந்தவருக்கு நீ தைரியம் சொல்லவில்லை, ஒளியச் சந்து காட்டிக்கொடுத்தாய்.

லாரி வெள்ளிக்கிழமை மறுபடியும் வரும். அதற்குள் நீ அவரிடம் பேசவேண்டும். காலையில் தீவனம் போட்டு முடித்துக் கை கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவார், அப்போது கூப்பிடு, நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். கம்பெனி பேச்சு, அளவு, சதவீதம் எதுவும் வேண்டாம். நான் சொன்னது தப்புப்பா என்று ஆரம்பி. அடுத்த முறை சளி வந்தால் ஏஜென்ட்டைக் கூப்பிடாதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க என்று சொல். இந்தக் குழியில் போன நஷ்டத்தில் பாதி உன்னுடையது என்றும் சொல், சொன்னபடி செய். கம்பெனி மருந்துக்கு எதிராக உன்னால் வாய் திறக்க முடியாது, வேலை போய்விடும் என்றால் அதையாவது அவரிடம் நேராகச் சொல், படித்தவனுக்கும் பயம் உண்டு என்று அவர் தெரிந்துகொள்ளட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் நெஞ்சைத் திறந்து போட்டுக்கொண்டு திரியாதே. நீ நன்றாக இருக்கவேண்டும், உன் உழைப்பால் யார் வயிறும் எரியாமல் நன்றாக இருக்கவேண்டும், என் ஆசீர்வாதத்தில் இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்தே எடுத்துக்கொள். ஒன்றை மறக்காதே, என்னைச் சமாதானப்படுத்த என்னைக் கூப்பிடாதே. நீ அப்பாவோடு பேசியபின் அவர் என்னிடம் வந்து சாவி கேட்பார். மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாரா, வெறுங்கையோடு கேட்கிறாரா என்பதிலேயே நீ என்ன பேசினாய் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா