முதல் கடிதத்திலேயே கேட்டது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன், இடது முழங்கால் மட்டும் தனி ஆவர்த்தனம் பண்ணுகிறது. கடல் தாண்டி அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? குட்டிக்கு இருமல் விட்டதா என்று நீ எழுதவே இல்லை. உன் ஆபீஸில் தொண்டு அமைப்புகளுக்கு நிதி கொடுக்கிற குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். நீங்கதான் அஞ்சு வருஷமா அறக்கட்டளையில் இருக்கீங்களே, ஆரம்பத்தில் எதையெல்லாம் தெரிஞ்சுக்கணும்னு சொல்லுங்கப்பா என்று கேட்டிருந்தாய். மூன்று நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். பாடம் சொல்லிக்கொடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நான் பண்ணின தப்பைச் சொல்கிறேன், அதிலிருந்து நீயே எடுத்துக்கொள்.

முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவனுக்கு என்ன தெரியும்? நம்பர் ஒட்ட முடிந்தால் அது பொருள், முடியாவிட்டால் அது வெறும் பேச்சு. ரிட்டயர் ஆனதும் இரும்புக்கடைக்காரர் தன் அறக்கட்டளைக்கு வருகிற விண்ணப்பங்களைப் படித்துப் பிரிக்கக் கூப்பிட்டார் இல்லையா, போன முதல் மாதமே நான் ஒரு விதி எழுதிக்கொடுத்தேன். வாடகை, சம்பளம் இரண்டுக்கும் கொடுப்பதில்லை, கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாக மட்டுமே கொடுப்போம். இரும்புக்கடைக்காரர் பாவம், வெள்ளை மனசு. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பஸ் டிப்போவுக்கு எதிரே ஒரு மாடி அறையில் பிசியோ அம்மா ஒருத்தி, பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டது இரண்டே விஷயம். அறைக்கு ஒரு வருஷ வாடகை, அப்புறம் நோயாளிகளைத் தாங்கிப் படியேற்றி உட்காரவைக்கிற உதவியாளுக்குச் சம்பளம். நான் ஓரத்தில் 'கரைந்துபோகிற செலவு' என்று எழுதினேன். எழுதிவிட்டு, அவள் கேட்காத ஒன்றைக் கொடுத்தேன். மோட்டார் வைத்த சைக்கிள் மெஷின், உட்கார்ந்தால் அதுவே காலைச் சுற்றிவிடும். அதன்மேல் அறக்கட்டளையின் பெயர்ப்பலகை, பலகைக்குக் கீழே என் கையாலேயே நம்பர். போட்டோ எடுக்கும்போது அவள் சிரித்தாள், நானும் பெரிய காரியம் சாதித்தவன் மாதிரி நின்றேன். மறுவாரம் போன் பண்ணி, மெஷின் வந்து சேந்துச்சா, வேலை செய்யுதா என்று கேட்டேன். வந்து சேந்துச்சு சார் என்றாள். நானும் ஃபைலை மூடினேன்.

மெஷின் கொடுத்த பதினோராம் மாதம் சரிபார்க்கப் போனால் படிக்கட்டுக் கதவில் பூட்டு, 'வாடகைக்கு' என்று அட்டை. விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு, பெட்ஷீட் போர்த்தி அந்த மெஷின் நிற்கிறது. ஒரு கீறல் இல்லை. உதவியாள் சம்பளம் இல்லாமல் நின்றுவிட்டானாம், நோயாளிகளைத் தூக்கி அதில் உட்காரவைக்க ஆள் இல்லை, அதனால் மெஷின் சும்மாவே கிடந்திருக்கிறது. வாடகை பாக்கி ஏறினபோது இதை விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்களாம், உங்க நம்பர் போட்டிருக்கே சார், எப்படி விக்கறது என்கிறாள். எனக்கு மனசு ஆறாமல், ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லக்கூடாதாம்மா என்று கேட்டேன், ஏதோ தப்பு அவளுடையது என்கிற மாதிரி. அவள் கோபப்படவில்லை. சொன்னேனே சார், மொதக் கடுதாசியிலயே சொன்னேனே என்றாள். இப்போது ஊருக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை. விதியை மாற்றிவிட்டோம், மறுபடி அறையைத் திறம்மா என்று போன மாதம் போய்க் கேட்டேன். இனி தெம்பு இல்லை சார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டாள். என் சட்டைகளைத் தைப்பாரே அந்த டெய்லர், அவரும் பக்கவாதத்துக்கு அவளுடைய மாடி அறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைப் பிடிக்கிற அளவுக்கு வலது கை தேறியிருந்தது. இப்போது அந்தக் கை மறுபடி மடங்கி மடியில் கிடக்கிறது. 

ஆகையால் நீ எதைப் படித்தாலும் முதலில் அவர்கள் கேட்டதைப் படி. உனக்குப் பிடித்ததை அதற்குள் தேடாதே. வாடகையும் சம்பளமும்தான் ஒரு இடத்தை நிற்கவைக்கிறது, போட்டோவில் விழாது, அவ்வளவுதான். அவர்கள் நன்றி சொல்வதை வைத்து எதையும் முடிவுபண்ணாதே, கேட்டு நிற்கிறவர்கள் எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்வார்கள். மூன்றாம் மாதமே ஒரு போன் போடு, பொருளைப் பற்றி விசாரிக்காதே, எப்படிம்மா இருக்கே என்று கேள்.

இதை எழுதும்போதுதான் கை நிற்கிறது. குட்டி பிறந்தபோது நீயும் எனக்கு ஒரு கடிதம் எழுதினாய். அம்மாதான் இல்லை, நீங்களாவது வந்து பத்து நாள் கூட இருங்கப்பா, ஒண்ணும் செய்யவேண்டாம், சும்மா பக்கத்துல உக்காந்திருங்க போதும் என்று. பிள்ளை பெற்ற வீட்டில் ஒரு ஆம்பளை போய் என்ன பண்ணுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு தொட்டிலும் வாஷிங் மெஷினும் வாங்க ஏற்பாடு பண்ணினேன். போன் பண்ணி வந்ததா என்று கேட்டேன். வந்து சேந்துச்சுப்பா என்றாய். அதற்கு மேல் நீ ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு வருஷம் ஆகிறது. நாலு வருஷமாக அந்தக் குரல் சரியாகத்தான் இருந்தது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். தப்புதான் கண்ணு, பெரிய தப்பு.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். ஆனால் நானாக முடிவுபண்ணி வந்து நிற்கப்போவதில்லை. இப்போது நான் வருவது உனக்கு வேண்டுமா, இல்லை வேறு ஏதாவது வேண்டுமா, அல்லது ஒன்றுமே வேண்டாமா, எதுவானாலும் எழுது. வேண்டாம் என்றாலும் எழுது, வருத்தப்படுவேன், ஆனால் கேட்டுக்கொள்வேன். மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம், எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். குட்டி இருமலைப் பற்றி மறக்காமல் எழுது. இந்தத் தடவை பார்சல் எதுவும் அனுப்பவில்லை.

இப்படிக்கு,
இன்னும் வந்து சேராத உன் அப்பா