மகளுக்குப் பதிலாகப் பெரட்டில் நின்றவர்

6 அக்., திங்கள்

காலையிலேயே மழை. புதிய மாணவர்கள் வரும் நாளில் மழை இல்லாமல் இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஓரியன்டேஷன் வழிகாட்டிகள் எல்லோருக்கும் ஊதா டீ-சட்டை. என்னுடையது ஒரு சைஸ் பெரிது. கழுத்தில் அட்டை, விசில், அதிகாரம்.

என் குழுவுக்கு எங்காங் என்று மலாய்ப் பெயர். தமிழில் இருவாச்சி, அகராதியில் பார்த்தேன். குழுவுக்கு ஒரு கூவல் உண்டு. கைகளைச் சிறகாக விரித்து, மூன்று முறை அடித்து, ‘எங்காங் தெர்பாங்’, அதாவது இருவாச்சி பறக்கிறது, என்று கத்த வேண்டும். புதன்கிழமை கற்றுக்கொடுக்கிறேன். உயர்கல்வி இப்படித்தான் தொடங்குகிறது.

வேன் வேனாகக் குடும்பங்கள். வாளி, ஹேங்கர், மைலோ டின், மின்விசிறி. ராசா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கீர்த்தனா. அப்பா மணியம், செம்பனைக் குலை வெட்டுகிறவர். வேன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைக்கலாமா என்று காவலாளியிடம் கேட்டார். காவலாளி என்னைப் பார்த்தார். விதிப்புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன். எலுமிச்சை பற்றி ஒன்றும் இல்லை.

“வைங்க அங்கிள்.”

“நன்றிங்க மிஸ்.”

என்னை மிஸ் என்று அழைத்த முதல் மனிதர். அத்தா கடையில் இன்னும் ‘ஏய், தண்ணி கொண்டா’தான்.

7 அக்., செவ்.

வெயில். காலை வரிசையில் கீர்த்தனா நடுங்கிக்கொண்டு நின்றாள். தொட்டால் சுடுகிறது. மணியம் வந்து கோலா குபு பாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். போகும்போது அவள், “எம் பேர எடுத்துராதீங்க அக்கா” என்றாள். பல் தந்தியடித்தது.

மாலை தினேஷிடம் கேட்டேன். வழிகாட்டிகளின் தலைவன். பதவி வருமுன் நல்ல பையன்.

“டாக்டர் குடுக்குற எம்சி சீட்டு இருந்தா ஆப்சன்ட் போட மாட்டாங்க லா. ஆனா வெள்ளிக்கிழமை புவான் கூப்பிட்டுக் கேப்பாங்க. விட்ட செஷன்ல என்ன நடந்துச்சுன்னு தெரியணும்.”

“தெரியலன்னா?”

“அடுத்த செமஸ்டர் திரும்ப ஓரியன்டேஷன். ரூம் வெயிட்டிங் லிஸ்ட்ல உள்ள ஆளுக்குப் போயிரும்.”

புவான் என்றால் மலாயில் மேடம்; இங்கே மாணவர் விவகார அதிகாரி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ராசாவிலிருந்து இங்கே நேர் பஸ் கிடையாது. ரூம் போனால் அவளுக்குப் படிப்பும் போகும்.

மணியத்துக்குப் போன் செய்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “காலையில பெரட்டு எத்தன மணிக்கு மிஸ்?” என்றார்.

பெரட்டு என்றால்? தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவதாம். ஏழு மணி என்றேன். சும்மா கேட்கிறார் என்று நினைத்தேன்.

8 அக்., புதன்

பனிமூட்டம். செம்பனை மரங்கள் பாதி வரைதான் தெரிந்தன. பேர் கூப்பிட்டேன். பழக்கத்தில் கீர்த்தனா பேரும் வந்துவிட்டது.

“ஹாடிர்.”

மலாயில் ‘உள்ளேன்’. ஆண் குரல். கடைசி வரிசை. வெள்ளைச் சட்டை உள்ளே செருகி, தலைக்கு எண்ணெய் வைத்து, கழுத்தில் மகளின் அட்டையோடு மணியம்.

“அங்கிள், நீங்க எங்க இங்க?”

“பிள்ளைக்கு முடியல. நான் நிக்கிறேன்.”

“அப்படியெல்லாம் நிக்க முடியாது அங்கிள்.”

“ஏன் மிஸ்? எங்கம்மாவுக்குக் காய்ச்சல்னா அவங்க ரப்பர் மரத்தையும் எங்கப்பாதான் சேத்துப் பால் வெட்டுவாரு. வேல பாக்க வைக்கிற மண்டோர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பேரு நிக்கும்.”

தினேஷ் விதிப்புத்தகத்தோடு வந்தான். “அங்கிள், பேரன்ட்ஸ் எல்லாம் திங்கக்கிழமையே கிளம்பிரணும் லா.”

“நான் பெத்தவனா வரல தம்பி. அவளா வந்திருக்கேன்.”

தினேஷ் விவாதப் போட்டிகளில் கோப்பை வாங்கியவன். புத்தகத்தை மூடினான். “புவான் கண்ணுல படாம பாத்துக்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

கூவல் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் வெட்கத்தில் கோழிக்குஞ்சு மாதிரி அடித்தார்கள். மணியம் கையை விரிக்கவில்லை. இரண்டையும் தலைக்கு மேலே நீட்டி, அண்ணாந்து பார்த்து, நீளக் கம்பில் செம்பனைக் குலையை அறுத்து இழுப்பது போல மூன்று இழுப்பு.

“அங்கிள் கொல வெட்டுறாரு டா” என்று யாரோ. சிரிப்பு.

“பறக்குற சாமான அண்ணாந்துதானய்யா பாக்கணும்” என்றார், நிறுத்தாமல்.

மறு தடவை இரண்டு பேர் அவரைப் போலச் செய்தார்கள். பிறகு எல்லோரும். எனக்குத் திருத்தத் தோன்றவில்லை.

மதியம் தீ ஒத்திகை. பிறகு நூலகம். முன்வரிசையில் அமர்ந்து, நூலகர் சொல்வதை உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தார். கேள்வி உண்டா என்றதும் எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா? இருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாமா? மாணவர் எல்லோரும் வரலாம். “எல்லாருமா?” என்று மறுபடி கேட்டார். எல்லோரும்.

வெளியே வரும் வழியில் ஓர் அலமாரி முன் நின்றார். ஒரு தடித்த புத்தகத்தின் முதுகில் கை வைத்தார். உருவி எடுக்கவில்லை. தூங்குகிற பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று பார்ப்பது போல வைத்து எடுத்தார். அது வரிச் சட்டம். இரண்டு வருடமாக அந்த இடத்தைக் கடக்கிறேன், போனுக்குச் சார்ஜ் போட.

கிண்டலாக ஒரு வரி எழுதித்தான் ஒவ்வொரு நாளையும் முடிப்பேன். இன்று உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.

9 அக்., வியா.

தூறல். துணைவேந்தர் உரை, ‘உலகத் தரம்’ பற்றி. நடுவில் கரண்ட் போனது. உலகத் தரம் இருட்டில் தொடர்ந்தது.

குழுக்கள் மேடையேறிக் கூவின. எங்காங் குழு முழுவதும் அண்ணாந்து பார்த்துக் குலை இழுத்தது. துணைவேந்தரும் கூரையைப் பார்த்தார்.

தினேஷ்: “யாரு இத மாத்துனது?”

“மாத்திட்டாங்களா?” என்றேன்.

“புவான் முன்வரிசைல உக்காந்திருக்காங்க லா.”

பிள்ளைகள் நாள் முழுக்க “அங்கிள் வரலியா?” அவருக்கு இன்று வேலை. மாலை கீர்த்தனாவுக்குப் போன். டெங்கி இல்லையாம், காய்ச்சல் விட்டுவிட்டதாம். பின்னாலிருந்து அவர் குரல்: “போன்ல அப்புறம் பேசு. மொதல்ல கைய மேல தூக்கு.”

10 அக்., வெள்ளி

நல்ல வெயில். கீர்த்தனா வந்துவிட்டாள். முகம் பாதியாக இருந்தது. அப்பா குலை வெட்டப் போய்விட்டாராம்.

புவானின் அறை. நானும் தினேஷும் சுவரோரம். மலாயில் கேள்விகள்.

தீ மணி அடித்தால் எங்கே கூட வேண்டும்?

“மாமரத்தடியில், புவான். ஆனால் இடது பக்கம் தள்ளி நிற்க வேண்டும். வலது பக்கம் முசுறு எறும்புக் கூடு.”

புவான் பேனாவை நிறுத்தினார். முசுறு பற்றி யார் சொன்னது?

“அப்பா.”

தினேஷ் தன் சப்பாத்தைப் பார்த்தான். புவான் என்னைப் பார்த்தார். பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. ஆனால் வாயில் வந்தது உண்மை. புதன்கிழமை இவள் அப்பா வந்திருந்தார். காலையில் பேர் கூப்பிட்டதிலிருந்து கடைசி செஷன் வரை இவளுக்காக நின்றார்.

“நாள் முழுவதுமா?”

“ஆமாம் புவான்.”

என் வழிகாட்டி டீ-சட்டை போய்விட்டது என்று நினைத்தேன். அவள் ரூமும்.

“நூலகம்?” என்றார் புவான்.

“குளிரும், ஜாக்கெட் வேண்டும். ஞாயிறும் திறந்திருக்கும். எல்லாரும் போகலாம். அப்பா இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.”

“குழுவின் கூவல்?”

கீர்த்தனா எழுந்தாள். அண்ணாந்தாள். கூரை விளக்குக்குப் பக்கத்தில் அவளுக்கு மட்டும் ஏதோ தெரிந்தது போல இருந்தது. மூன்று இழுப்பு. “எங்காங் தெர்பாங்.” காய்ச்சல் குரல்.

புவான் ஓரியன்டேஷன் கையேட்டைத் திறந்து கூவல் படத்தைப் பார்த்தார். அதில் கைகள் பக்கவாட்டில். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி படத்தை.

“நேற்று மேடையில் செய்தது இதுதானே?”

“இதேதான் புவான்” என்றான் தினேஷ். என் வாழ்நாளில் அவனை அவ்வளவு பிடித்ததில்லை.

“அப்படியானால் சரி. படத்தை மாற்றச் சொல்லுங்கள்.” கையெழுத்து.

ரூம் அவளுக்கே. மணியத்துக்குச் செய்தி அனுப்பினேன். அப்போது மரத்தடியில் இருந்திருப்பார். சாயங்காலம் பதில் வந்தது:

“சந்தோஷம் மிஸ். அடுத்த பெரட்டு எப்ப?”